சர்வருக்கு எது, மேசைக்கு எது: திறமூல இயங்குதளத் தேர்வு குறித்த கேள்வி பதில்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். பெரும்பகுதி டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலிலும் (லினக்ஸை நிறுவத் தயாராகத் தொகுத்துத் தருவது வழங்கல்), லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டியிலும் கழிந்தது. ரெட் ஹேட் வகையைச் சேர்ந்தவற்றையும் நெடுநாள் பார்த்திருக்கிறேன். சர்வர், பணிக்கணினி இரண்டையும் பற்றிக் கேளுங்கள். விளையாட்டுக்கான கணினிகள் எனக்குப் பழக்கமில்லாதவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேள்வி: பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் கோப்புகளை வைக்கவும், உள்பயன்பாட்டு வலைச்செயலி ஒன்றை இயக்கவும் ஒரு சர்வர் வேண்டும். முழுநேரப் பராமரிப்பாளர் கிடையாது. நானே வாரத்தில் ஓரிரு மணி நேரம் பார்ப்பேன். டெபியனா, உபுண்டுவா, அல்மாலினக்ஸா?

பதில்: வாரத்தில் ஓரிரு மணி நேரம் என்று நீங்கள் சொன்னதிலேயே விடையில் பாதி இருக்கிறது. மூன்றும் உங்கள் வேலையைக் குறையில்லாமல் செய்யும். வேகத்திலோ வசதியிலோ நீங்கள் உணரக்கூடிய வேறுபாடு இராது. வேறுபாடு எல்லாம் எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அடுத்த பெரிய பதிப்புக்கு எப்படி மாறுவது என்ற இரண்டில்தான் இருக்கிறது.

டெபியனின் ஒவ்வொரு நிலையான பதிப்புக்கும் 3 ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் தனிக்குழு ஒன்று தரும் 2 ஆண்டு நீள் ஆதரவும் உண்டு. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு அதே கணினியில் மாறுவது அங்கே நன்கு தேய்ந்த பாதை. வெளியீட்டுக் குறிப்பை வரிவரியாகப் படித்துவிட்டுச் செய்தால் ஒரு பிற்பகலில் முடியும். உபுண்டுவின் நீள் ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதன் 5 ஆண்டு ஆதரவு முதன்மைக் களஞ்சியத்தில் உள்ள பேக்கேஜ்களுக்கே, அதாவது மென்பொருள் தொகுப்புகளுக்கே உறுதி. 'யுனிவர்ஸ்' களஞ்சியத்திலிருந்து நிறுவியவற்றுக்கு அதே உறுதி வேண்டுமானால் உபுண்டு ப்ரோவில் பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரெட் ஹேட் வகையைச் சேர்ந்த அல்மாலினக்ஸ் 10 ஆண்டு தருகிறது. ஆனால் பெரிய பதிப்பு மாறும்போது புதிதாக நிறுவிக்கொள்வதே அந்த வகையில் வழக்கம்.

உங்கள் நிலையில் நான் டெபியனை நிறுவி, பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும்படி 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' பேக்கேஜையும் இயக்கிவிடுவேன். ஆதரவு முடியும் நாளை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஒரு பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகே சர்வரை மற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றிலும் சிறந்த லினக்ஸ் எது?

பதில்: என்ன வேலை, யார் பராமரிப்பார்கள், எத்தனை ஆண்டுக்கு என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: எங்களிடம் ரெட் ஹேட் வகையைச் சேர்ந்த சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சிக்கலும் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஆம், இயன்ற அளவு விரைவாக. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. அதன்பின் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் எவையும் உங்கள் சர்வரில் அடைக்கப்படவில்லை. சிக்கல் இல்லை என்பதற்கு, இதுவரை ஒன்றும் உங்கள் கண்ணில் படவில்லை என்பதே பொருள்.

சென்ட்ஓஎஸ் 8-இன் கதையையும் நினைவில் வையுங்கள். அதற்கு 2029 வரை ஆதரவு என்றிருந்ததை நம்பிப் பலர் மாறினார்கள். 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு அதை 2021 இறுதியோடு முடித்தது. அந்த வெற்றிடத்தில்தான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் 2021-இல் வெளிவந்தன. எழுதப்பட்ட தேதியும் மாறலாம் என்பதால், உங்கள் அமைப்புகளை எல்லாம் வேறோர் இயங்குதளத்தில் மீண்டும் கட்டியெழுப்பப் போதுமான குறிப்புகள் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

இருக்கும் சர்வரிலேயே பதிப்பை உயர்த்த அல்மாலினக்ஸ் குழுவின் எலிவேட் கருவி உதவும். ஆனாலும் பக்கத்தில் புதிய சர்வர் ஒன்றை நிறுவி, சேவைகளை ஒவ்வொன்றாக அங்கே நகர்த்துவதையே நான் பரிந்துரைப்பேன். நகர்த்துமுன் பேக்கப்பை மீட்டுப் பாருங்கள். இப்படி ஒரு மாற்றத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, இரவுதோறும் தேதியிட்ட பேக்கப் கோப்பு ஒழுங்காக வரிசைகட்டி நின்றது. அளவைக் காட்டும்படி பட்டியலிட்டால், கடந்த ஏழு மாதத்துக் கோப்புகள் ஒவ்வொன்றும் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. யாரோ தரவை வேறு வட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் நிரலோ பழைய அடைவையே, வெற்று அடைவை, நாள் தவறாமல் சுருக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிழையின்றி முடிந்ததாகவே பதிவேடு சொன்னது. வட்டு அதுவரை பழுதாகாமல் இருந்தது நல்வாய்ப்பு.

கேள்வி: தணிக்கையாளர் எங்கள் டெபியன் 12 சர்வரை ஸ்கேன் செய்து, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.2 பழையது, ஆபத்தானது என்று அறிக்கை தந்திருக்கிறார். 'நிலையான' பதிப்பு என்பதே பழைய ஓட்டைகளோடு வாழ்வதுதானா?

பதில்: இதை விரிவாகவே சொல்ல வேண்டும். டெபியன் நிலையான பதிப்பில் பேக்கேஜின் பதிப்பெண் பெரும்பாலும் உறைந்திருக்கும். ஓட்டை வெளியானதும் அதற்கான திருத்தத்தை மட்டும் பழைய நிரலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பார்கள். 2024 ஜூலை 1 அன்று வெளியான, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் 'ரெக்ரெஷன்' ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை எழுதும் மூலத் திட்டம் அதை 9.8-இல் சரிசெய்தது. டெபியன் 12-இல் எண் 9.2 ஆகவே நின்றது. ஆனால் அதன் வாலில் 'டெப்12யூ3' என்று வந்த பேக்கேஜில் ஓட்டை அடைபட்டிருந்தது. முன்னெண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு அந்த வால் தெரியாது. முழுப் பதிப்பெண்ணையும் டெபியன் பாதுகாப்புத் தடமறி பக்கத்தையும் அறிக்கையோடு இணைத்துத் தணிக்கையாளருக்கு அனுப்புங்கள்.

அதே நிகழ்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஓட்டை 8.5 பதிப்பில் நுழைந்தது. ஆகவே 8.4-ஐ வைத்திருந்த டெபியன் 11-ஐ அது தொடவே இல்லை.

ஒரு எச்சரிக்கை: திருத்தம் நிறுவப்பட்டால் மட்டும் போதாது. ஒரு நூலகம் இற்றைப்படுத்தப்பட்ட பிறகும், முன்பே ஓடிக்கொண்டிருக்கும் சேவை நினைவகத்தில் பழைய நகலையே பிடித்துக்கொண்டிருக்கும். எந்தச் சேவைகளை மறுபடி தொடங்க வேண்டும் என்று 'நீட்ரீஸ்டார்ட்' காட்டும், நிறுவிக்கொள்ளுங்கள்.

மறுப்பு: நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். ஓட்டை என்று பொதுப் பட்டியலில் எண் பெற்றவைதாம் பழைய பதிப்புக்குப் பின்நோக்கிக் கொண்டுவரப்படுகின்றன. பிழை என்று மட்டும் கருதி மூலத் திட்டத்தில் திருத்தப்பட்டு, பின்னாளில் ஓட்டை என்று தெரியவந்தவை எத்தனையோ. தொடர்ந்து புதிய பதிப்பைத் தரும் ஆர்ச், டம்பிள்வீட் போன்றவற்றில் அவை தாமாகவே வந்துவிடும்.

பதில்: இது சரியான மறுப்பு, இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு மிகவும் பொருந்தும். ஒரு திருத்தம் பாதுகாப்பு சார்ந்ததா இல்லையா என்று பிரிப்பது இயலாத காரியம், ஆகவே நிலையான வரிசையின் எல்லாத் திருத்தங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெர்னல் பராமரிப்பாளர்களே நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் 'நிலையான' வழங்கல்கள் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. டெபியன் 12 கெர்னலின் 6.1 நீள் ஆதரவு வரிசையையே பின்பற்றுகிறது. அந்த வரிசையில் வரும் திருத்தங்கள் மொத்தமாக வந்து சேர்கின்றன. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 பதிப்போ கெர்னலின் 4.18 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த திருத்தங்களையும் வசதிகளையும் தன் பொறியாளர்களைக் கொண்டு அதற்குள் சேர்க்கிறது. உங்கள் மறுப்பு இரண்டாவது முறைக்கே கூடுதலாகப் பொருந்தும்.

அதற்காகச் சர்வரை ஆர்ச்சுக்கு மாற்றச் சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சில் வெளியான எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரத்தில், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட பின்கதவு டம்பிள்வீட்டுக்கும், ஃபெடோராவின் வளர்ச்சிப் பதிப்பான ராஹைடுக்கும், டெபியனின் சோதனை, நிலையற்ற பதிப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தது. டெபியன் நிலையான பதிப்பை அது எட்டவில்லை.

மறுப்பு (அதே நண்பர்): அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்தவர் எதை ஓட்டிக்கொண்டிருந்தார்? நிலையற்ற பதிப்பைத்தானே? எல்லாரும் உங்களைப் போல் ஒதுங்கியிருந்தால், அது அடுத்த நிலையான பதிப்புக்குள் அமைதியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

பதில்: ஏற்றுக்கொள்கிறேன். அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத் திட்டத்தின் பொறியாளர். டெபியனின் நிலையற்ற பதிப்பில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கண்டு, விடாமல் துருவிப் போனார். புதியதை ஓட்டுபவர்கள் இல்லாவிட்டால் நிலையானதை நம்பியிருப்பவர்களுக்குக் காவல் இல்லை. என் பணிக்கணினியில் டெபியன் சோதனைப் பதிப்பை வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: பிழை வந்தால் நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், துருவிப் பார்க்க முடியும், முறையாக அறிவிக்க முடியும். இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத அறையில் ஓடும் சர்வரில் அந்த அரை நொடியைக் கவனிக்க யாரும் இல்லை.

கேள்வி: சர்வரில் ஆர்ச் லினக்ஸ் போடலாமா?

பதில்: மேலே உள்ள உரையாடலைப் படியுங்கள். நாள்தோறும் நீங்களே இற்றைப்படுத்தி, ஒவ்வொரு முறையும் திட்டத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் படிக்கத் தயாரென்றால் போடலாம்.

கேள்வி: எட்டு வட்டுகள் கொண்ட சேமிப்புச் சர்வருக்கு இசட்எஃப்எஸ் கோப்பமைப்பு வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியா, லினக்ஸா?

பதில்: கோப்பமைப்பின் நிரல் இன்று பெருமளவு ஒன்றேதான்; 2020-இல் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0 முதல் இரண்டுக்கும் ஒரே மூலம். வேறுபாடு அது உட்காரும் இடத்தில் இருக்கிறது. இசட்எஃப்எஸ்ஸின் உரிமம் கெர்னலின் ஜிபிஎல் உரிமத்தோடு பொருந்தாதென்று கருதப்படுவதால், லினக்ஸில் அது கெர்னலுக்கு வெளியே தனிக்கூறாக வாழ்கிறது. பல வழங்கல்களில் கெர்னல் மாறும்போதெல்லாம் அந்தக் கூறு மறுபடி தொகுக்கப்பட வேண்டும். புதிய கெர்னலுக்கு அது இன்னும் தயாராகவில்லையென்றால், மறுதொடக்கத்துக்குப் பின் உங்கள் எட்டு வட்டுகளும் கண்ணுக்குத் தெரியாது. ஃபெடோராவில் இந்த இடர் அதிகம். உபுண்டு 16.04 முதல் முன்பே தொகுத்த கூறையே தருகிறது என்பதால் அங்கே குறைவு.

ஃப்ரீபிஎஸ்டியில் அது அடிப்படை அமைப்பின் உறுப்பு. இற்றைப்படுத்துமுன் துவக்கச் சூழல் ஒன்றைப் படியெடுத்துவிட்டால், ஏதேனும் பிசகும்போது துவக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்து முன்னிருந்த நிலைக்கே திரும்பலாம். சேமிப்பு மட்டுமே வேலையென்றால் ஃப்ரீபிஎஸ்டியை எடுங்கள். அதே கணினியில் டாக்கர் கலன்களையும் (செயலியை அதற்கு வேண்டியவற்றோடு அடைத்துத் தனித்து ஓட்டும் பெட்டிகள்) ஓட்டப்போகிறீர்கள் என்றால் லினக்ஸ். ஃப்ரீபிஎஸ்டியின் 'ஜெயில்' 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் அருமையான ஏற்பாடு, ஆனால் டாக்கருக்கென்று தயாரானவற்றை அப்படியே அதில் ஓட்ட முடியாது. எதுவானாலும் வட்டிலுள்ள தரவைப் படித்துச் சரிபார்க்கும் 'ஸ்க்ரப்' மாதம் ஒருமுறை ஓடட்டும். வட்டு ஒன்று போனால், பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு காக்கும். தவறாக அழித்த கோப்பைக் காக்காது. பேக்கப்பை மீட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதிதாகத் தொடங்குபவருக்குச் சிறந்த லினக்ஸ் எது?

பதில்: அருகில் உதவக்கூடியவர் எதைப் பயன்படுத்துகிறாரோ, அது.

கேள்வி: மென்பொருள் எழுதுவதற்கான பணிக்கணினி. என்விடியா அட்டை இருக்கிறது. ஃபெடோரா நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சர்வர்கள் எல்லாம் டெபியன் 12.

பதில்: ஃபெடோரா நல்ல பணிக்கணினி. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவே உண்டு என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற வேண்டும். என்விடியாவின் டிரைவரும் கெர்னலுக்கு வெளியே இருப்பதால், இசட்எஃப்எஸ் பற்றிச் சொன்ன இடர் இங்கும் உண்டு: கெர்னல் மாறிய மறுநாள் கறுப்புத் திரை. முந்தைய கெர்னலைத் துவக்கப் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்திருங்கள். கையொப்பமிட்டவற்றை மட்டுமே ஏற்கும் செக்யூர் பூட் இயங்குமானால் டிரைவர் கூறுக்குக் கையொப்பமும் தேவை.

சர்வரோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபெடோராவில் தொகுத்த சி நிரலை டெபியன் 12-க்கு நகலெடுத்து ஓட்டினால், 'ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை' என்று நின்றுவிடக்கூடும். ஜிலிப்சி என்பது சி நிரல்களுக்கான அடிப்படை நூலகம். டெபியன் 12-இல் இருப்பது அதன் 2.36 பதிப்பு. பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும். ஆனால் புதியதில் தொகுத்தது பழையதில் ஓடும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஃபெடோராவையே வைத்துக்கொண்டாலும், தொகுப்பதை ஒரு டெபியன் 12 கலனுக்குள் செய்யுங்கள்.

கேள்வி: டெபியன் நிலையான பதிப்பில் ஒரே ஒரு பேக்கேஜுக்காக சோதனைக் களஞ்சியத்தைச் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. அந்த ஒரு பேக்கேஜ் புதிய ஜிலிப்சியை இழுத்துவரும், அது மற்றவற்றை இழுக்கும். கடைசியில் உங்களிடம் இருப்பது இரண்டு பதிப்பும் அல்லாத ஒன்று. புதிய பேக்கேஜ்களை நிலையான பதிப்புக்கென்று தொகுத்துத் தரும் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியத்தில் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் கலனுக்குள் வையுங்கள்.

கேள்வி: ஃபயர்வாலுக்கு ஓப்பன்பிஎஸ்டி?

பதில்: மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். பிஎஃப் என்ற அதன் ஃபயர்வாலின் விதிக்கோப்பை ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் படித்தவுடன் புரியும். ஃபயர்வாலில் அதுவே எனக்கு முதன்மையான தகுதி. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, கடைசி இரண்டுக்கு மட்டுமே திருத்தங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிப்பை உயர்த்த இயலாதவர்கள் எடுக்க வேண்டாம்.

கேள்வி: 32 பிட் பழைய கணினி இருக்கிறது. டெபியன் 13 போடலாமா?

பதில்: அதற்கான நிறுவியை டெபியன் 13-இல் நிறுத்திவிட்டார்கள். நெட்பிஎஸ்டியைப் பாருங்கள்.

கேள்வி (முன்னர் சென்ட்ஓஎஸ் 7 பற்றிக் கேட்டவர்): பேக்கப்பை மீட்டுப் பார்த்தோம். தரவுத்தளக் கோப்புகள் இருக்கின்றன, ஆனால் மரியாடிபி தொடங்க மறுக்கிறது.

பதில்: ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை நகலெடுத்திருப்பீர்கள், பாதி எழுதிய நிலையில் அவை சிக்கியிருக்கும். பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருப்பதால் இழப்பு எதுவும் இல்லை. அதை இப்போது நிறுத்த வேண்டாம். தரவுத்தளத்துக்கென்றே உள்ள டம்ப் கருவியால் ஒரு படி எடுத்து, புதிய சர்வரில் ஏற்றி, அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். பொருந்திய பிறகு எழுதுங்கள். அடுத்து எந்தச் சேவையை நகர்த்துவது என்று பார்ப்போம்.