ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, நான் லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 15 வருடமாகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் 9 வருடமாகக் கேரர் வேலை. சீனியர் கேரர் பதவிக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தேன். இரண்டு தடவையும் நான் வேலை பழக்கிவிட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் கிடைத்தது. என்னுடைய ஆக்சென்ட் அங்குள்ள முதியவர்களின் குடும்பத்தினருக்கு விளங்காது என்று மேனேஜர் சொன்னார். என்னோடு வேலை செய்யும் ஜமேக்கப் பெண் ஒருவர், 'விமன் ஆஃப் கலர்' (வெள்ளையரல்லாத பெண்கள்) என்று தாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் குழுவுக்கு வரச் சொல்கிறார். கணவரோ, "அவையளின்ர பிரச்சினை வேற, எங்கட பிரச்சினை வேற. கதைக்க வேணுமெண்டால் தமிழ்ச் சங்கம் இருக்குத்தானே" என்கிறார். நான் கொடி பிடிக்கிற ஆள் இல்லை அக்கா. போகலாமா?

— பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: அன்புத் தங்கைக்கு,

போங்கள். யோசிக்காமல் போங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பது வருடமாகக் குளிக்க வார்த்து, சோறூட்டி, ராத்திரியில் பயந்து எழும்புகிறவர்களைத் தட்டித் தூங்க வைத்திருக்கிறீர்கள். அந்த முதியவர்களுக்கு விளங்குகிற பேச்சு அவர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி விளங்காமல் போகும்?

சரி, உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். வெம்ப்ளி பார்க்கில் ஜூபிலி லைன் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் டாலிஸ் ஹில். அதன் பக்கத்தில் சாப்டர் ரோட்டில் கிரன்விக் என்று ஒரு ஃபிலிம் கழுவும் நிறுவனம் இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். ஓவர்டைம் செய்ய மாட்டேன் என்று சொல்ல முடியாது. கழிப்பறைக்குப் போகவும் மேனேஜரிடம் கேட்க வேண்டும். 1976 ஆகஸ்ட் 20 அன்று ஜெயாபென் தேசாய் என்ற பெண் அங்கிருந்து வெளியே நடந்தார். ஐந்தடிகூட உயரமில்லை, சேலை கட்டிய குடும்பப் பெண். நீங்கள் நடத்துவது ஃபாக்டரி அல்ல, மிருகக்காட்சிசாலை. அதில் உங்கள் தாளத்துக்கு ஆடும் குரங்குகளும் உண்டு, தலையைக் கடித்தெடுக்கும் சிங்கங்களும் உண்டு, நாங்கள் அந்தச் சிங்கங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவரும் கொடி பிடித்துப் பழகியவரல்ல.

மற்றப் பெண்களும் அவரோடு சேர, வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்தக் கம்பெனிக்கு ஃபிலிம் சுருள்கள் தபாலில் வரும். கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். யார்க்ஷயரிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். 1968இல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய அரசியல்வாதி ஈனாக் பவலுக்காக ஊர்வலம் போனவர்கள் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள். 1977இல் அதே துறைமுகத்திலிருந்து இந்தச் சேலை கட்டிய பெண்களுக்காக ஊர்வலம் வந்தது. இந்த ஒரு செய்தியை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் அவர்கள் வெல்லவில்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு, அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லியும் முதலாளி மறுத்துவிட்டார். தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டி.யு.சி.யின் தலைமையும் மெல்லப் பின்வாங்கியது. 1977 நவம்பரில் டி.யு.சி. தலைமையகத்தின் வாசலிலேயே ஜெயாபென்னும் தோழர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1978 ஜூலையில் போராட்டம் முடிந்தது. உங்களிடம் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழுவுக்குப் போனால் பதவி கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தனியாக இருந்து தோற்பதற்கும் நாலு பேரோடு நின்று தோற்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

அவர்களின் பிரச்சினை வேறு என்கிறாரே உங்கள் கணவர், அவரிடம் ஹீத்ரோ கதையைச் சொல்லுங்கள். 1979 ஜனவரியில், நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையை மணக்க இந்தியாவிலிருந்து வந்திறங்கிய ஓர் ஆசிரியையை, அவர் கன்னிதானா என்று குடிவரவு அதிகாரிகள் மருத்துவரைக் கொண்டு உடலைப் பரிசோதிக்க வைத்தார்கள். செய்தி வெளியானதும் விமான நிலையத்திலேயே உட்கார்ந்து போராடியவர்கள் யார் தெரியுமா? ஆவாஸ் என்ற ஆசியப் பெண்கள் குழுவும், ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து 1978இல் தொடங்கிய ஓவாட் அமைப்பும். ஜமேக்காக்காரர்களும் நைஜீரியாக்காரர்களும் அந்த இந்தியப் பெண்ணின் மானத்தைத் தங்கள் மானமாக நினைத்தார்கள். அந்தப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. நம்முடைய எத்தனை பெண்கள் அதே விமான நிலையத்தில் வந்திறங்கியிருக்கிறோம்!

அந்த நாட்களில் 'கறுப்பு' என்பதை நம் ஆட்களும் தங்களுக்கான பெயராக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சவுத்தாலில் அடிபடும் பெண்களுக்காக 1979இல் தொடங்கி இன்றும் இயங்கும் அமைப்பின் பெயரே சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்தான். 'விமன் ஆஃப் கலர்' என்ற பெயரும் அப்படி வந்ததுதான். 1977இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டில் கறுப்பினப் பெண்கள் தங்கள் கோரிக்கைகளோடு போனபோது மற்றச் சிறுபான்மைப் பெண்களும் சேர்ந்துகொள்ளக் கேட்டார்கள், அந்தக் கூட்டுக்கு வைத்த பெயர் இது என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண் செயற்பாட்டாளர் லொரெட்டா ராஸ் விளக்கியிருக்கிறார்.

இன்னொன்றையும் மனதில் வைத்துப் போங்கள். கறுப்பின மக்களைப் பற்றி நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் ஒரு சொல் இருக்கிறது, எனக்கு இங்கே எழுதவே கூசுகிறது. கல்யாணப் பேச்சில் "பிள்ளை நல்ல வெள்ளை" என்று சொல்லிக்கொள்பவர்கள் நாம். அந்தக் குழுவில் உட்காரும்போது முதல் ஓரிரு கூட்டம் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தெருவில் போகிற மகனைப் போலீஸ் திரும்பத் திரும்ப நிறுத்திச் சோதிக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், அது உங்களுக்கு நடந்ததைவிடக் கனமாக இருக்கலாம். அப்புறம் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

எனக்கும் இப்படி ஒரு குழுவில்தான் வாய் திறந்தது. வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லி அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பார்படோஸ் அம்மா ஒருவர் தன் பையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "திகதி, நேரம், யார் சொன்னது, என்ன சொன்னது, பக்கத்தில் யார் நின்றது. அன்றன்றைக்கே எழுது" என்றார். முதல் பக்கத்தில் கோடு போட்டுக் காட்டியும் தந்தார். பிறகு மனிதவளத் துறையில் என் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டபோது என் கை நடுங்கியது, ஆனால் அந்த நோட்டு மேசையில் இருந்தது.

நீங்களும் இன்றைக்கே ஒன்று வாங்குங்கள். உங்களை ஏன் தேர்வு செய்யவில்லை என்பதை எழுத்தில் தரும்படி ஈமெயில் அனுப்புங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இன, தேசியப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஆக்சென்டைக் காரணம் காட்டியது அதற்குள் வருமா என்று, வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்புக்குப் போன் செய்து கேளுங்கள், ஆலோசனை இலவசம். வேலை வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகும் காலக்கெடு மிகவும் குறுகியது, அதனால் தள்ளிப்போட வேண்டாம். யுனிசன் தொழிற்சங்கத்தில் கறுப்பின உறுப்பினர்களுக்கென்று தனிக் குழு உண்டு. அதில் ஆசியர்களும் அடக்கம்.

தமிழ்ச் சங்கத்தையும் விட வேண்டாம். கேர் ஹோமில் வேலை செய்கிற நம் பெண்கள் எத்தனை பேருக்கு இதே பதில் கிடைத்தது என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமையலைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.