எளிமைச் சபைக்கு எதற்கு 185 அடி கோபுரம்?

கேள்வி: அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் உள்ள பழைய பாப்டிஸ்ட் (கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) ஆலயத்தின் படம் பார்த்தேன். ஆடம்பரமே ஆகாது என்றிருந்த சபைக்கு எதற்கு இத்தனை உயரக் கோபுரம்?

பதில்: நியாயமான சந்தேகம்தான். 1638இல் ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகர் தொடங்கிய அந்தச் சபைக்கு அறுபது வருஷம் சொந்தக் கட்டடமே கிடையாது. வீடுகளில் கூடினார்கள். 1700இல்தான் பார்டன் டில்லிங்காஸ்ட் என்ற போதகர் கைக்காசைப் போட்டுச் சின்னதாக ஒரு கூடம் கட்டினார். அதற்கு ஆலயம் என்றுகூடப் பெயர் வைக்கவில்லை, கூட்டவீடு என்றார்கள். சபை என்றால் மனிதர்கள், சுவர் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம் 1770இல் ரோட் ஐலண்ட் கல்லூரி (இன்றைய பிரவுன் பல்கலைக்கழகம்) அந்த ஊருக்கு இடம் மாறியது. வழிபாட்டுக்கு மட்டுமல்ல, பட்டமளிப்பு விழாவுக்கும் ஒரு மண்டபம் வேண்டும் என்று சொல்லியே 1774இல் புதுக் கட்டடத்தைத் தொடங்கினார்கள். ஊரில் மொத்தமே சுமார் 4,300 பேர், கட்டியதோ 1,200 பேர் உட்காரும் கூடம்! வரைந்தவர் ஜோசப் பிரவுன், வணிகர், தொழில்முறைக் கட்டடக் கலைஞர்கூட இல்லை. பிரிட்டனின் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் 1728இல் வெளியிட்ட கட்டடக்கலைப் புத்தகத்தைப் புரட்டி, லண்டனின் செயின்ட் மார்ட்டின் ஆலயத்துக்காக அவர் வரைந்து கடைசியில் கட்டாமல் விட்ட கோபுரங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டார். செயின்ட் மார்ட்டின் இங்கிலாந்துச் சபையின், அதாவது அந்நாட்டு அரசுச் சபையின், ஆலயம். அதன் பிடி வேண்டாம் என்று விலகி நின்றவர்கள், அந்தச் சபைக்கு வரைந்த கோபுரத்தையே தங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வேலைக்கு ஆள் கிடைத்த கதை இன்னும் சுவை. வரியை எதிர்த்துப் பாஸ்டன்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக ஆங்கிலேய அரசு துறைமுகத்தையே மூடிவிட, அங்கே வேலையிழந்த தச்சர்கள் பிராவிடன்ஸுக்கு வந்தார்கள். கோபுரத்தின் அடுக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செய்து வைத்து, தொலைநோக்கிக் குழாயை இழுப்பதுபோல மேலே உயர்த்தினார்கள். மொத்தம் மூன்றரை நாள்தான். 1775 மே மாதம் பிரதிஷ்டை. 1815இல் பெரும்புயல் அடித்தபோதும் கோபுரம் விழவில்லை.

சரி, எளிமை எங்கே போனது என்றால், கோபுரத்தை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். ஏறக்குறைய 80 அடிக்கு 80 அடி சதுரக் கூடம், சாதாரணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் நேராக விழுகிறது, கண் போய் நிற்பது பிரசங்க மேடையில். 1792இல் மாட்டிய படிகக் கண்ணாடிச் சரவிளக்கு ஒன்றுதான் கொஞ்சம் பகட்டு.