பூஸ்ட் ஏறும்போது வண்டி ஏன் அடைக்கிறது? பழைய டர்போ வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஒரே புகார்தான்: "மிதிச்சா வண்டி படக்குனு அடைக்குது." அனுப்பியவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 டர்போ. 1989-இல் வந்த, சீட்டுக்குப் பின்னால் 3எஸ்-ஜிடிஇ எஞ்சின் உட்கார்ந்திருக்கும் வண்டி. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கே: என்னுடையது 1991 எம்ஆர்2 டர்போ. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் 4,000 ஆர்பிஎம் தாண்டியதும் சுவரில் முட்டியதுபோல் நிற்கிறது. காலை எடுத்தால் உடனே சரியாகிவிடுகிறது. ஃப்யூயல் பம்ப் மாற்றியும் பலனில்லை.

பம்ப் மேல் தப்பே இல்லை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பெட்ரோல் போதாத வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சோர்ந்துபோகும். இழுவை குறையும், திணறும், ஆனாலும் ஓடும். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ தானே பெட்ரோலை வெட்டினால் ஒரு நொடிகூட ஆகாது. தலை முன்னால் போய்விடும், காலை எடுத்ததும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். உங்களுக்கு நடப்பது இந்த இரண்டாவது வகை, அதாவது ஃப்யூயல் கட்.

இந்த எஞ்சினில் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தத்தைப் பார்க்க ஒரு சென்சார் இருக்கிறது. பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கித் தள்ளும் காற்றின் அழுத்தம், சுமார் 12 பிஎஸ்ஐயைத் தொட்டால் ஈசியூ பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர்களை நிறுத்திவிடும். பிஸ்டனைக் காப்பாற்ற டொயோட்டா வைத்த காவல் அது. ஆகவே "பெட்ரோல் ஏன் நிற்கிறது" என்று தேடாதீர்கள். "பூஸ்ட் ஏன் அவ்வளவு ஏறுகிறது" என்று தேடுங்கள்.

முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் அறையில் உள்ள டயக்னோசிஸ் கனெக்டரில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு மூன்று முறை மின்னி, சற்று நின்று, நான்கு முறை மின்னினால் கோட் 34. பூஸ்ட் எல்லை மீறியது என்று ஈசியூவே சொல்கிறது.

அடுத்து, டர்போவிலிருந்து வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாமல் புகையை வெளியே விடும் கதவு) ஆக்சுவேட்டருக்கு (அந்தக் கதவைத் திறக்கும் பாகம்) போகும் சின்ன ரப்பர் ஹோஸ். முப்பது வருட வெப்பத்தில் அது முருங்கைக்குச்சி மாதிரி விறைத்துவிடும். பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கழற்றி விரலில் வளைத்துப் பாருங்கள், மறுபக்கம் பிளவு வாயைத் திறக்கும். போன மாதம் என்னிடம் வந்த வண்டியில் பிளவு சரியாக கிளிப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது, கிளிப்பை நகர்த்தும்வரை தெரியவில்லை. ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் போகாவிட்டால் வேஸ்ட்கேட் திறக்காது. திறக்காவிட்டால் பூஸ்டுக்கு எல்லையே கிடையாது.

ஹோஸ் நன்றாக இருந்தால் ஒரு கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்கு மெதுவாகக் காற்று கொடுங்கள். கம்பி நகர்ந்து, காற்றைப் பிடித்து நிற்க வேண்டும். கம்பி அசையாமலோ காற்று இறங்கியோ போனால் உள்ளே இருக்கும் சவ்வு, டயஃப்ரம், கிழிந்திருக்கிறது.

கே: கோடையில் எந்தத் தொந்தரவும் இல்லை. டொராண்டோ குளிரில் மட்டும் மேடு ஏறும்போது வெட்டுகிறது. மூன்று அங்குல எக்ஸாஸ்ட் போட்டிருக்கிறேன்.

இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. 30 டிகிரியில் இருக்கும் காற்றைவிட மைனஸ் 10 டிகிரிக் காற்று சுமார் 15 சதவீதம் அடர்த்தி. அதே சுழற்சியில் டர்போ அதிகக் காற்றைத் தள்ளும். எக்ஸாஸ்ட்டும் தாராளமாகிவிட்டதால் புகை சுற்றிவிடும் டர்பைன் இன்னும் வேகமெடுக்கும். எம்ஆர்2-வில் உள்ள சிடி26 டர்போவின் வேஸ்ட்கேட் துளை சின்னது. முழுசாகத் திறந்தாலும் அத்தனை புகையையும் அதனால் வெளியேற்ற முடியாது. அதனால்தான் ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் கூடவே ஊர்ந்து ஏறுகிறது. துளையைப் பெரிதாக்கித் தரும் டர்போ கடைகள் உண்டு, நிரந்தரத் தீர்வு அதுதான். அதுவரை குளிர்காலத்தில் பழைய எக்ஸாஸ்ட்டையே மாட்டி ஓட்டுங்கள். பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கி இதைச் சரிசெய்ய நினைக்காதீர்கள். அது பூஸ்ட்டைக் கூட்டத்தான் உதவும். வேஸ்ட்கேட் ஸ்பிரிங்குக்குக் கீழே இறக்காது.

கே: 'ஃப்யூயல் கட் டிஃபென்சர்' என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். போட்டால் வெட்டவே வெட்டாதாம். போடலாமா?

வேண்டாம்.

அந்தப் பெட்டி செய்வது ஒன்றே ஒன்றுதான். அழுத்த சென்சாரிலிருந்து ஈசியூவுக்குப் போகும் வோல்டேஜை எல்லைக்குச் சற்றுக் கீழே பிடித்து வைக்கும். பூஸ்ட் 16 ஆனாலும் ஈசியூவுக்கு 11 என்றே தெரியும். அதனால் வெட்டாது. ஆனால் இஞ்செக்டர் பெரிதாகிவிடவில்லை. இரண்டாம் தலைமுறை 3எஸ்-ஜிடிஇ-க்கு 440 சிசி இஞ்செக்டர்தான். காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரின் கதவும் ஒரு கட்டத்தில் முழுசாகத் திறந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு காற்று போனாலும் ஈசியூவுக்குத் தெரியாது. காற்று கூடும், பெட்ரோல் கூடாது, கலவை வறளும், நாக்கிங் (கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைத் தட்டுவது) ஆரம்பிக்கும்.

என் மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி. திருப்பினால் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள வரப்பு, கட்டைவிரல் அகலத்துக்கு உடைந்து விழுந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டிவந்தவருக்கு இப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. முன்பு பார்த்த பட்டறையில் யாரோ கார்ப்பெட்டுக்கு அடியில் மாட்டிவிட்டு, "சரிபண்ணிட்டோம்" என்று சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் சந்தோஷமாக ஓட்டியிருக்கிறார். எண்ணெய் குடிக்கிறது என்றுதான் என்னிடம் வந்தார். கிழிந்த ஒரு ஹோஸுக்காக ஒரு எஞ்சினையே பிரிக்க வேண்டியதாயிற்று. பழைய வண்டி வாங்குபவர்கள், ஈசியூ வயரிங்கில் யாராவது வெட்டி ஒட்டிய தடம் இருக்கிறதா என்று தயவுசெய்து முதலில் பாருங்கள்.

பெரிய இஞ்செக்டர், சரியாக டியூன் செய்த ஈசியூ, கலவையைக் காட்டும் மீட்டர் மூன்றும் இருந்தால் எல்லையை உயர்த்துவது வேறு கதை. அப்போது இந்தப் பெட்டிக்கே தேவையிருக்காது.

கே: எனக்கு நேர்மாறு. பூஸ்ட்டே இல்லாமல், சமதளத்தில் மெதுவாகப் போகும்போது வண்டி முன்னும் பின்னும் துள்ளுகிறது. கொஞ்சம் மிதித்தால் துள்ளல் நின்றுவிடுகிறது.

இதுவும் ஃப்யூயல் கட்தான், ஆனால் வேறு ஒன்று. ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் இறங்கியதும் மறுபடி கொடுக்கும். கால் எடுக்கப்பட்டதா என்பதை த்ராட்டில் சென்சாரில் உள்ள ஐடிஎல் காண்டாக்ட் சொல்கிறது. அது ஒட்டிக்கொண்டாலோ, சென்சார் தப்பான கோணத்தில் இறுக்கப்பட்டிருந்தாலோ, நீங்கள் லேசாக மிதித்திருக்கும்போதும் "கால் இல்லை" என்றே சொல்லும். ஈசியூ நிறுத்தும், கொடுக்கும், நிறுத்தும். அதுதான் அந்தத் துள்ளல்.

ஐடிஎல், இ2 முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். த்ராட்டில் மூடியிருக்கும்போது தொடர்பு இருக்க வேண்டும், கொஞ்சம் திறந்ததுமே அறுந்துவிட வேண்டும். அறவில்லையென்றால் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, சர்வீஸ் கையேட்டில் உள்ள ஃபீலர் கேஜ் அளவுப்படி திருப்பி இறுக்குங்கள்.

கே: வெட்டவில்லை, 5,000-க்கு மேல் மெல்ல மெல்ல இழுவை போய்விடுகிறது. கோடும் இல்லை.

இப்போதுதான் பம்ப் பக்கம் போக வேண்டும். ஆனால் பம்ப்பைக் கடைசியில் வையுங்கள். எம்ஆர்2-வின் பெட்ரோல் டேங்க் இரு சீட்டுக்கும் நடுவிலுள்ள சுரங்கத்துக்குள் படுத்திருக்கிறது, பம்ப்பைத் தொட டேங்கையே இறக்க வேண்டும். ஃபில்டரை மாற்றுவது சுலபம், அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு பம்ப் ரிலே. குறைந்த சுமையில் ஒரு ரெசிஸ்டர் வழியாகவும், மிதிக்கும்போது நேராகவும் பம்ப்புக்கு மின்சாரம் போகும். ரிலே மாறாமல் மாட்டிக்கொண்டால், மிதிக்கும்போதும் பம்ப் பாதி வேகத்திலேயே சுற்றும்.

ஃப்யூயல் பிரஷர் கேஜ் இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். எஞ்சின் பின்னால் இருப்பது இங்கே வசதி. கேஜை வெளிப்பக்கமாகப் பின்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுவேன், பக்கத்தில் உட்காருபவர் திரும்பிப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். பெட்ரோல் குழாயை ஒருபோதும் வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். பூஸ்ட் 10 பிஎஸ்ஐ ஏறினால் ஃப்யூயல் பிரஷரும் 10 ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் என்று இந்த வழியில்தான் கோளாறு.

கே: மிதிக்கும்போது பட்பட் என்று மிஸ்ஸிங் அடிக்கிறது. இதுவும் ஃப்யூயல் கட்டா?

பெரும்பாலும் இல்லை. பூஸ்ட் கூடும்போது ஸ்பார்க் அணைந்துபோகிறது. பிளக் இடைவெளியை அளந்து பாருங்கள், இந்த எஞ்சினுக்கு 0.8 மி.மீ. தேய்ந்து ஒரு மி.மீ. தாண்டியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

கே: 1986 போர்ஷே 944 டர்போ. சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடுகிறது. அரைமணி நேரம் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது.

இதற்கும் பூஸ்ட்டுக்கும் சம்பந்தமில்லை. டிஎம்இ (இந்த வண்டியின் எஞ்சின் கம்ப்யூட்டர்) ரிலேவைச் சந்தேகப்படுங்கள். ஒரே டப்பாவுக்குள் இரண்டு ரிலே: ஒன்று கம்ப்யூட்டருக்கு, மற்றொன்று பம்ப்புக்கு. வருடங்கள் போகப்போக உள்ளே ஈயப்பற்று மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும்.

அடுத்தமுறை அணைந்ததும் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் கொஞ்சம் துடித்தால் கம்ப்யூட்டருக்கு எஞ்சின் சுற்றுவது தெரிகிறது, ரிலேவையும் பம்ப்பையும் பாருங்கள். முள் அசையவே இல்லையென்றால் பெல்ஹவுசிங் (க்ளட்ச்சை மூடியிருக்கும் உறை) மேலுள்ள ஸ்பீட், ரெஃபரன்ஸ் சென்சார்களைப் பாருங்கள். அவற்றின் கனெக்டர் பிளாஸ்டிக் வெப்பத்தில் பிஸ்கட் போல் நொறுங்கிப்போயிருக்கும். கம்ப்யூட்டருக்கே மின்சாரம் போகாவிட்டாலும் முள் அசையாது என்பதால், புது ரிலே ஒன்றைக் கையில் வைத்திருந்து அதை முதலில் மாற்றிப் பார்த்துவிட்டு சென்சாருக்குப் போங்கள்.