ரோமானிய நாணயங்களில் கட்டட உருவங்கள்: எதில் தொடங்கலாம், எவ்வளவு நம்பலாம்?

கட்டடம் பொறித்த ரோமானிய நாணயங்களைச் சேர்க்க ஆசை, எதில் தொடங்கலாம், அந்த உருவங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினோரு வருடமாகச் சேர்க்கிறேன். கையில் இருப்பது மொத்தம் பத்தொன்பது காசுகள்தான். ஆனால் பிழைப்பே கட்டட வரைபடம் போடுவது என்பதால், ஒவ்வொன்றையும் ஒரு பிளானைப் படிப்பதுபோல் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

முதலில் வாங்க, பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக் கோட்டைவாசல் காசுதான் சரி. சேகரிப்பவர்கள் ‘கேம்ப் கேட்’ என்பார்கள். கி.பி. 320களின் பிற்பாதியில் பல ஊர் நாணயச்சாலைகளில் ஏராளமாக அடித்த செப்புக் காசு. லண்டனில் ஒரு நாணயச் சந்தையில் முப்பது பவுண்டுக்கு வாங்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, எடை மூன்று கிராம். தலைப்பக்கம் பேரரசரின் முகம். பூப்பக்கத்தைத் திருப்பி லென்ஸுக்கு அடியில் வைத்தால் அடுக்கடுக்காகக் கல்வரிசை. என்னுடையதில் எட்டு வரிசை. நம் ஊர்க் கொத்தனார் ஜாயின்ட் மேல் ஜாயின்ட் வராமல் கட்டுவாரே, அதேபோல் மேல் வரிசைக் கல் கீழ் வரிசையின் இணைப்பை மூடி உட்கார்ந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் கல்லில்கூட அச்சு வெட்டிய ஆள் இதை விட்டுக்கொடுக்கவில்லை. மேலே இரண்டு சிறு கோபுரங்கள், நடுவில் ஒரு நட்சத்திரம், அடியில் அந்தியோகியா நகரத்து நாணயச்சாலையின் குறி. சுற்றியுள்ள எழுத்து, பேரரசரின் முன்யோசனையைப் போற்றுகிறது. அது கோட்டை வாசலா, எல்லையில் நின்ற காவல் கோபுரமா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இந்த ஒரு வகையிலேயே சில வருடங்களை ஓட்டலாம். சிலவற்றில் கதவு உண்டு, சிலவற்றில் மூன்று கோபுரம், ஊருக்கு ஊர் கல்வரிசையின் எண்ணிக்கை மாறும். விலை கையைக் கடிக்காது.

சரி, எவ்வளவு நம்பலாம்? நான் முதலில் தடுக்கி விழுந்த இடம் தூண்களின் எண்ணிக்கை. கி.மு. 78இல் வோல்டெயஸ் என்ற அதிகாரி வெளியிட்ட தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசில் ரோமின் கேபிடோலின் குன்றிலிருந்த ஜூபிடர் கோவிலின் முகப்பு இருக்கிறது. நான்கு தூண்கள். கி.மு. 43இல் வந்த இன்னொரு தெனாரியஸில் அதே கோவிலுக்கு ஆறு தூண்கள். ஆறுதான் சரி. பதினெட்டு மில்லிமீட்டர் வட்டத்தில் தூணைக் குறைத்தால் மற்றதைத் தெளிவாகக் காட்டலாம் என்று முதல் காசின் அச்சை வெட்டியவர் முடிவு செய்திருக்கிறார். பல காசுகளில் நடுத் தூண்களை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் தெய்வச் சிலையை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். ஆகவே தூணை எண்ணி அளவு போடாதீர்கள். எதைக் குறைத்தார், எதை விடாமல் வைத்தார் என்று பாருங்கள். விடாமல் வைத்ததில்தான் செய்தி இருக்கிறது.

அந்த கி.மு. 78 காசில் இன்னொரு விஷயமும் உண்டு. கோவில் கி.மு. 83இலேயே தீயில் எரிந்துபோயிற்று. திரும்பக் கட்டி அர்ப்பணித்தது கி.மு. 69இல். காசு வெளிவந்தபோது முழுக் கோவில் என்று ஒன்று அங்கே கிடையாது! ஜூலியஸ் சீசரைத் தெய்வமாக்கி எழுப்பிய கோவிலும் இப்படித்தான்: பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியனின் காசில் கி.மு. 36இலேயே வந்துவிட்டது, முகப்பு முக்கோணத்தில் நட்சத்திரத்தோடு. திறப்பு நடந்தது கி.மு. 29இல். சீசரின் கருணைக்கு ஒரு கோவில் என்று ரோமின் ஆட்சிமன்றமான செனட் தீர்மானித்தது, கி.மு. 44 தெனாரியஸில் அதன் முகப்பும் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியதற்குத் தடயமே இல்லை. பூமி பூஜைக்கு முன்பே விளம்பரப் பலகையில் ஏறும் எலிவேஷன் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொழில் காரணமாக எனக்கு இந்த வகைக் காசுகள்மேல் தனிப் பிரியம்.

இதற்கு நேர் எதிராக, கட்டடம் போய்க் காசு மட்டும் சாட்சியாக நிற்கும் வகையும் உண்டு. ரோமில் போர் இல்லாத காலத்தில் ஜேனஸ் என்ற தெய்வத்தின் கோவில் கதவைச் சாத்துவது வழக்கம். நிலத்திலும் கடலிலும் அமைதி நிலைநாட்டி ஜேனஸ் கதவைச் சாத்தினான் என்ற எழுத்தோடு பேரரசன் நீரோ பல காசுகளை வெளியிட்டான், கி.பி. 65ஐ ஒட்டி. இரட்டைக் கதவு, மேலே தொங்கும் மலர்மாலை, பக்கச் சுவரில் நீளமான கம்பிச் சன்னல். அந்தக் கோவிலில் இன்று ஒரு கல்கூட நமக்கு அடையாளம் தெரியாது. அது எப்படி இருந்தது என்று கேட்டால் இந்தக் காசைத்தான் காட்ட வேண்டும். அலெக்சாண்டிரியாவின் கலங்கரை விளக்கமும் இதே கதைதான். அது பூகம்பங்களில் இடிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. டொமிஷியன் முதல் அன்டோனினஸ் பயஸ் வரை பல பேரரசர்கள் காலத்து அலெக்சாண்டிரியக் காசுகளில் அது உச்சிச் சிலையோடும், மூலைகளில் சங்கு ஊதும் கடல் உருவங்களோடும் நிற்கிறது.

வித்தியாசமானது எது என்றால், என் மனதில் முதலிடம் பேரரசர் டைட்டஸ் வெளியிட்ட, ரோமின் கொலோசியம் அரங்கைக் காட்டும் காசுக்கு, கி.பி. 80ஐ ஒட்டியது. வெளிச்சுவரின் வளைவுகளை எதிரில் நின்று பார்க்கிறோம், அதே சமயம் மேலிருந்து எட்டிப் பார்த்து உள்ளே கூட்டத்தையும் பார்க்கிறோம். ஒவ்வொரு தலையும் ஒரு புள்ளி. இதை ஒரே படத்தில் போடச் சொன்னால் நானே திணறுவேன். ரோமின் துறைமுகமான ஆஸ்டியாவைக் காட்டும் நீரோவின் காசிலும் அந்தத் துணிவு உண்டு: வளைந்த அலைதடுப்புச் சுவர்கள், நடுவில் கப்பல்கள், அடியில் சாய்ந்து படுத்திருக்கும் நீர்த்தெய்வம். இரண்டும் நம் சக்திக்கு மீறிய விலை. அருங்காட்சியகத்தில் பார்த்து நிறைவடைய வேண்டியதுதான்.

இப்போது ஒரு எச்சரிக்கை. மூன்றாவது வருடத்தில் அந்த ஜேனஸ் காசு ஒன்றை, பெரிய செப்புக் காசு, ஒரு விற்பனையாளரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோது வயிறு கலங்கியது. எழுத்தெல்லாம் தேய்ந்து மழுங்கியிருக்கிறது, நீரோவின் காது தெரியவில்லை, ஆனால் சன்னல் கம்பிகள் மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மை. நிஜக் காசுதான், ஆனால் யாரோ ஊசிமுனைக் கருவியால் கம்பிகளைப் புதிதாகக் கீறி, மேலே செயற்கையாகக் களிம்பு ஏற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு, விற்றதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றார் அவர். பணம் போனதைவிட, இரண்டாயிரம் வருடம் தப்பிவந்த பழைய கீற்றுகளை ஒருவர் அழித்துவிட்டாரே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. கட்டடக் காசுகளில் இந்த வேலை அதிகம், ஏனென்றால் விவரம் கூடினால் விலை கூடும். தேய்மானம் காசு முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் தையல்போல ஒரு கோடு ஓடினாலோ, மேற்பரப்பில் பொடிக் குமிழ்கள் தெரிந்தாலோ அது அடித்த காசல்ல, உருக்கி ஊற்றி வார்த்த போலி, தொடாதீர்கள். வாங்கும் முன் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் ‘ஓக்ரே’ (OCRE) இணையப் பட்டியலில் பேரரசுக் காலக் காசுகளை இலவசமாக ஒப்பிடலாம்.

அப்புறம் சட்டம். நீங்கள் இந்தியாவில் இருந்தால், 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கே இருந்தாலும், முன்பு யார் கையில் இருந்தது என்று காட்டும் பழைய ஏலச் சீட்டோ பில்லோ உள்ள காசையே வாங்குங்கள். மண்ணைத் தோண்டித் திருடி வந்த காசுக்கு நம் பணம் போகக் கூடாது. கோவை, கரூர்ப் பக்கம் கிடைத்த ரோமானியக் காசுகளில் கட்டடம் இருக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள். பூப்பக்கம் கேடயத்தோடு நிற்கும் இளவரசர்கள் அல்லது அமர்ந்திருக்கும் பெண் உருவம்தான்.

இரண்டாவது காசாக லியோன் பலிபீடக் காசைச் சொல்வேன். இன்றைய பிரான்சில் உள்ள லியோனில், ரோமா என்ற பெண் தெய்வத்துக்கும் பேரரசர் அகஸ்டஸுக்கும் எழுப்பிய பீடம். இரு பக்கமும் உயரமான ஒற்றைத் தூண், அதன்மேல் சிறகு விரித்த வெற்றித் தெய்வம். தேய்ந்தது மலிவாகவே கிடைக்கும். அந்த இரண்டு தூண்களையும் பாதியாக அறுத்து நான்காக்கி, அதே ஊரில் புனித மார்ட்டின் தேவாலயத்தில் நிறுத்தினார்கள் என்று சொல்கிறார்கள். போன கோடையில் போய்ப் பார்த்தேன். கட்டிப்பிடித்தால் இரு கையும் சேராத கனம். சட்டைப்பையில் இருந்த காசில் அதே தூண் தீக்குச்சியைவிட மெல்லிசு.