பிரைமர் தட்டையாகவில்லை, இன்னும் ஏற்றலாமா?

இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்கால வேட்டை முடிந்து எல்லோரும் ரீலோடிங் மேசைக்கு, அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை (கேஸை) மறுபடி நிரப்பும் வேலைக்கு, திரும்பிவிட்டீர்கள் போல. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பவுடர் எரியும்போது தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் பற்றியவைதான்.

அண்ணா, அப்பாவின் பழைய லீ-என்ஃபீல்ட் .303 ரைபிளுக்கு ரீலோடு செய்கிறேன். கையேடு சொல்லும் பவுடரின் உச்ச அளவுக்கு வந்துவிட்டேன். பிரைமரின் (பவுடரைப் பற்றவைக்கும் சின்னத் தொப்பியின்) ஓரம் உருண்டையாகவே இருக்கிறது, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டும் எளிதாகத் திறக்கிறது. அரை கிரெய்ன் கூட்டலாமா? (சாட்ஸ்வர்த்)

கூட்டாதீர்கள். அமெரிக்கத் தரநிலைப்படி .303-இன் உச்ச அழுத்தம் 49,000 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதே .308 தோட்டாவுக்கு 62,000. ஆனால் கேஸின் பித்தளையும் பிரைமரின் தகடும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. தட்டையான பிரைமர், இறுகும் போல்ட் போன்ற தெளிவான அடையாளங்கள் பெரும்பாலும் 65,000-ஐ ஒட்டித்தான் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் ரைபிளில் அவை தெரியும்போது எல்லையை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். போதாததற்கு, லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டுவது. சுடும்போது அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அந்தப் பழைய இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதைப் பிரைமர் சொல்லாது. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பாருங்கள். அதே குண்டு, அதே பவுடர், அதே நீளக் குழலுக்குக் கையேடு சொல்லும் வேகத்தை உங்கள் தோட்டா மிஞ்சினால், வேறு ஒரு அடையாளமும் இல்லாவிட்டாலும் அளவைக் குறையுங்கள்.

ஜூலைக் குளிரில் தயாரித்த .308 தோட்டா, ரேஞ்சில் அருமையாகச் சுட்டது. ஜனவரிக் கோடையில் பொங்கோலா பக்கம் போனபோது மூன்றாவது தோட்டாவிலேயே போல்ட் இறுகிவிட்டது. பவுடர் கெட்டுப்போயிருக்குமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பவுடர் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு; வெயிலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பவுடர் சூடானால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். குளிரில் உச்சத்தைத் தொட்ட அளவு, கோடையில் அதைத் தாண்டிவிடும். தோட்டாப் பெட்டி பக்கியின் (பிக்கப் வண்டியின்) டேஷ்போர்டில் கிடந்ததா? சுட்டுச் சூடான சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறையில்) தோட்டாவைப் போட்டு, மான் திரும்பட்டும் என்று காத்திருந்தீர்களா? இரண்டுமே கெடுதல்.

அந்தக் கேஸின் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுத்துகளின் மேல் பளபளவென்று சின்ன வட்டம் தெரிந்தால், காலிக் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைக்குள் பித்தளை பிதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். புதுப் பிரைமர் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பிரைமர் குழியும் விரிந்துவிட்டது. அந்தக் கேஸை நசுக்கிப் போட்டுவிடுங்கள்.

போல்ட் இறுகிய அன்று மிச்சத் தோட்டாக்களைச் சுடவே கூடாது. வீட்டில் குண்டுகளை உருவி எடுத்துவிட்டு, ஆரம்ப அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள், இந்த முறை வெயில் நாளில்.

என்னுடைய 7x57 ரைபிள், 98 மவுசர் வகை. எஜெக்டர் அடையாளம் ஒருமுறைகூட விழுந்ததில்லை. அப்படியானால் கவலை இல்லைதானே? (ஃபீனிக்ஸ்)

மூல 98 மவுசரில் எஜெக்டர் ஒரு தகடு. போல்ட் முகத்தில் ஸ்பிரிங் வைத்த எஜெக்டர் துளையே கிடையாது, அதனால் அந்த வட்டம் விழ வழியில்லை. அது இல்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள்.

வேறு கம்பெனி கேஸில் சுட்ட அதே அளவைப் பி.எம்.பி கம்பெனி கேஸில் போட்டதும் பிரைமர் தட்டையாகிறது. ஏன்?

இரண்டையும் காலியாக எடை போடுங்கள். கனமான கேஸின் சுவர் தடிமனாக இருக்கும், உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும். கேஸோ பிரைமரோ குண்டோ பவுடர் டப்பாவின் லாட் எண்ணோ (தயாரிப்புத் தொகுதி எண்), ஒன்று மாறினாலும் அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும்.

.303 கேஸின் அடியிலிருந்து சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம். அழுத்தமா?

பெரும்பாலும் இல்லை. லீ-என்ஃபீல்டின் சேம்பர் தாராளமானது. ஒவ்வொரு முறையும் கேஸை முழுசாக ரீசைஸ் செய்தால் (அச்சில் இட்டுப் பழைய அளவுக்குச் சுருக்கினால்) கேஸ் அந்த இடத்தில் இழுபட்டு மெலியும். பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்சுவரில் இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் கழித்துவிடுங்கள். இனிமேல் கழுத்தை மட்டும் ரீசைஸ் செய்தால் கேஸ் அதிக நாள் வரும்.