விழாவுக்கு ட்ரோன் பைலட்டை அமர்த்துவது குறித்து: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் நிறுவனத்தின் ஆண்டு விழா கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் நடக்கவிருக்கிறது. ஹெலிகேம் (கேமரா பொருத்திய ட்ரோன்) வைத்திருக்கும் இருவர் குறைந்த கட்டணத்துக்கு வருவதாகச் சொல்கிறார்கள். அவர்களிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: கட்டணத்துக்கு முன்னால் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். கொடிசியா வளாகம் விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் நம் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்துள்ளன. விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 5 கி.மீ. வரை உள்ள பகுதி அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் பொதுவாகச் சிவப்பு மண்டலமாகவே இருக்கும். மத்திய அரசின் அனுமதியில்லாமல் அங்கே ட்ரோனை எழுப்பவே கூடாது. 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம் என்பதால், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம் வரையிலும், அதற்கு அப்பால் 400 அடி உயரம் வரையிலும், வேறு தடை அறிவிக்கப்படாத இடங்களில் முன்னனுமதி தேவையில்லை. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் விழா நடத்துவோருக்கும் விமான நிலையம் பக்கத்திலிருப்பதால் இதே சிக்கல் உண்டு.

வரைபடத்தை உங்கள் கண்முன் திறந்து, இந்த இடத்தில் பறக்க இயலாது என்று சொல்லி, அதற்கு மாற்றாக ஜிம்மி ஜிப் கேமராவை (தரையில் நிற்கும் நீண்ட கிரேன் கையில் பொருத்திய கேமரா) பரிந்துரைப்பவரே உங்கள் நம்பிக்கைக்கு உரியவர். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று சொல்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம்.

கேள்வி: என்னென்ன ஆவணங்களைப் பார்க்க வேண்டும்?

பதில்: மூன்று. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி பெற்ற ரிமோட் பைலட் சான்றிதழ் (இது 10 ஆண்டுகள் செல்லும்), அந்த ட்ரோனுக்குரிய தனி அடையாள எண், மூன்றாம் நபர் காப்பீடு. சான்றிதழில் இருக்கும் பெயருக்குரியவரே விழா நாளன்று ரிமோட்டைப் பிடிக்கிறாரா என்பதையும் உறுதிசெய்யுங்கள். சான்றிதழ் ஒருவருடையதாகவும் பறக்கவிடுபவர் அவருடைய உதவியாளராகவும் இருப்பது இந்தத் தொழிலில் நடப்பதுதான். விதிமீறலுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கேள்வி: 250 கிராமுக்குள் உள்ள சிறிய ட்ரோன் என்றால் எதுவுமே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: அந்த எடைக்குள் இருப்பவை நானோ வகை, அவற்றுக்கு பைலட் சான்றிதழும் காப்பீடும் கட்டாயமில்லை. மண்டலக் கட்டுப்பாடு அவற்றுக்கும் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: 249 கிராம் ட்ரோனுக்கு இறக்கைக் காப்பு (விசிறிகளைச் சுற்றிய பாதுகாப்பு வளையம்) மாட்டினாலே மொத்த எடை 250 கிராமைத் தாண்டி அது மைக்ரோ வகையாகிவிடும், கட்டணம் வாங்கிக்கொண்டு அதைப் பறக்கவிடச் சான்றிதழ் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் தேருக்கு நேர் மேலே நின்று படமெடுக்க வேண்டும் என்று விழாக்குழுவினர் விரும்புகிறார்கள். செய்யலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வடம் பிடிப்பவர்களால் திடீரென விலகி ஓட முடியாது. நான்கு விசிறி ட்ரோனில் ஒரு மோட்டார் நின்றாலும் பெரும்பாலும் அது அப்படியே கீழே விழும். பைலட் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்த நொடியில் அவரால் செய்யக்கூடியது ஏதுமில்லை. நான் கடைப்பிடிக்கும் முறை, ட்ரோன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரமாவது கூட்டத்தின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் தள்ளி நிறுத்துவது. காற்று கூட்டத்தை நோக்கி வீசினால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். தேர் வீதி திரும்பும் முனைக்கு எதிரே ஒரு மைதானமோ குளக்கரையோ இருந்தால், அங்கிருந்து சாய்வாக எடுக்கும் காட்சியில் தேரின் முழு அலங்காரமும் தெரியும். நேர் மேலிருந்து எடுத்தால் கலசமும் தலைகளும் மட்டுமே தெரியும்.

முந்தைய நாளே பைலட்டை நான்கு வீதிகளிலும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தேரோட்டத்துக்காக மின்சாரத்தை நிறுத்தினாலும் கம்பிகள் அங்கேயேதான் இருக்கும். கேபிள் கம்பிகளும் தோரணக் கயிறுகளும் கேமராத் திரையில் எளிதில் தெரிவதில்லை. தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பிவரும் உயரத்தைக் கோபுரத்தையும் செல்போன் கோபுரத்தையும் விட உயரமாக, அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குள் அமைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இரும்பு மேடையிலிருந்து எழுப்பினால் ட்ரோனின் திசைகாட்டி குழம்பக்கூடும். கயிறு கட்டி ஒதுக்கிய வெறுந்தரையே நல்லது. வாணவேடிக்கை நேரத்தில் ட்ரோன் தரையில் இருக்கட்டும். பருந்தும் காகமும் ட்ரோனைத் துரத்துவதுண்டு. ஆகவே, வானத்தை மட்டும் கவனிக்க இன்னொருவர் பைலட்டின் அருகில் நிற்க வேண்டும், அவரிடம் யாரும் பேச்சுக்கொடுக்கக் கூடாது.

கேள்வி: அமைச்சர் வருகிறார். காவல் துறையிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் எழுத்தில் தெரிவியுங்கள். முக்கியப் பிரமுகர்கள் வரும்போது மாவட்ட நிர்வாகமோ காவல் துறையோ ட்ரோனுக்குத் தற்காலிகத் தடை விதிப்பது வழக்கம். பச்சை மண்டலமாக இருந்தாலும் அந்தத் தடைக்குக் கட்டுப்பட வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

பதில்: காற்றோ மழையோ கூட்டமோ பாதுகாப்பைக் கெடுத்தால் நிறுத்தும் முடிவு பைலட்டுடையது என்றும், அப்படி நிறுத்தினாலும் பேசிய தொகையில் இன்ன பங்கு அவருக்கு உண்டு என்றும் எழுதுங்கள். பணம் போய்விடுமே என்ற அச்சம்தான் பல பைலட்டுகளைத் தவறான நேரத்தில் எழுப்ப வைக்கிறது. ஒரு பேட்டரி பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களே தாங்கும் என்பதால், எந்தெந்தக் காட்சிக்கு எழுப்புவது என்பதையும் முன்பே பட்டியலிடுங்கள். அக்கம்பக்கத்து மொட்டைமாடிகள் பதிவானால் அந்தப் பகுதியை நீக்கித் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் இயக்குநரகத்துக்குத் தெரிவிப்பது பைலட்டின் கடமை. அந்த அறிக்கையின் நகல் உங்களுக்கும் வர வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.