முதலில் வீசாதீர்கள்! (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' விளையாட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. மவுஸ் பட்டனை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும், வழியில் வரும் சாதாரணக் கொள்ளைக்காரன்கூட என்னை நாலே வெட்டில் சாய்த்துவிடுகிறான். வேறு எந்த கேமிலும் நான் இப்படி அசிங்கப்பட்டதில்லை. ஒற்றைக்கு ஒற்றை வாள் சண்டையில் ஜெயிக்க என்னதான் வழி?

பதில்: வியாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: "எவ்வளவு வேகமாக அழுத்தினாலும்." எனக்கு ஐம்பத்து மூன்று வயது. விரல் மெதுவாகத்தான் ஓடும். அப்படியும் முதல் பத்து நாள் உங்களைப் போலவே டொக் டொக்கென்று அழுத்தி, நாம் ஆட்டுவிக்கும் கதாநாயகன் ஹென்றியைத் தினமும் சாகடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி அலுத்துப்போய் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வெட்டைத் தடுக்கும் பிளாக் பட்டன் மேல் மட்டும் ஒரு விரல் இருந்தது. அந்தச் சண்டையில்தான் முதல் முறையாக ஜெயித்தேன்.

திரையின் அடியில் உயிருக்கு ஒரு கோடு, ஸ்டாமினாவுக்கு, அதாவது மூச்சுத் தெம்புக்கு, ஒரு கோடு இருக்கிறது அல்லவா? நாம் எல்லோரும் உயிர்க் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்க்க வேண்டியது மற்றதை. ஒவ்வொரு வீச்சும் ஸ்டாமினாவைத் தின்னும். அது காலியான பிறகு விழும் அடி நேராக உயிரில் இறங்கும். உயிர் குறையக் குறைய ஸ்டாமினாவின் உச்சமும் சுருங்கிக்கொண்டே வரும். ஆக, ஆறு வீச்சு வீசிவிட்டு மூச்சிரைத்து நிற்கிற ஹென்றியை எவன் வேண்டுமானாலும் வெட்டலாம். உங்களை வெட்டியது கொள்ளைக்காரன் இல்லை, உங்கள் ஆள்காட்டி விரல்.

இப்போது நேற்று நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன். காட்டுப் பாதை, எதிரே ஒருவன். உடம்பில் தடித்த பஞ்சு அங்கி, தலையில் அகல விளிம்பு வைத்த இரும்புத் தொப்பி, முகம் திறந்து கிடக்கிறது. நான் வாளை உருவிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றேன். அவன் சுற்றி வந்தான், நானும் சுற்றினேன். அவன் ஓங்கி வீசிய கணத்தில் திரையின் நடுவில் சின்னப் பச்சைக் கேடயம் மின்னியது. அந்த மின்னலில் பிளாக் பட்டனை ஒரே ஒரு தட்டு. இதுதான் பர்ஃபெக்ட் பிளாக். அவன் வாள் விலகிப் போனது. உடனே எதிர்வீச்சு வீச ஆசை வரும். நான் முதல் இரண்டு தடவையும் வீசவில்லை, ஒரு எட்டு பின்னால் நகர்ந்தேன். மூன்றாவது தடவை அவன் வீச்சில் வேகம் இல்லை, மூச்சு வாங்குகிறான். தட்டிவிட்டு, கோணத்தை மேலே கொண்டுபோய் முகத்துக்கு நேராக ஒரு குத்து. அங்கி மேல் பத்து வெட்டு வெட்டியிருந்தாலும் இந்த ஒரு குத்துக்கு ஈடாகாது.

கோணம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எந்தப் பக்கம் வீசுகிறோம் என்று காட்டத் திரையில் ஒரு நட்சத்திரம் தெரியும், அதில் ஐந்து திசை, அதோடு குத்து. புதிதாக வருகிறவர்கள் ஒரே திசையிலேயே வீசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வலது தோளுக்கு ஓங்கி, பாதியில் இடது காலுக்கு மாற்றிப் பாருங்கள். ஃபெயின்ட் என்பது அவ்வளவுதான்.

குறிப்பிட்ட வரிசையில் தொடர்ந்து வெட்டும் காம்போ பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். வரிசையாக மூன்று நான்கு வெட்டு தடுக்கப்படாமல் விழுந்தால்தான் காம்போ முடியும். வரிசையாக மூன்று வெட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறவன் காம்போ இல்லாமலே சாவான். கைதேர்ந்தவனோ நடுவிலேயே வெட்டிவிடுவான். நான் காம்போ முடித்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நெருங்கிப் போனால் இருவரும் கைகலந்து தள்ளிக்கொள்ளும் கிளிஞ்ச் வரும். அதில் பலம் ஜெயிக்கும். ஆரம்பத்தில் ஹென்றிக்கு அது கிடையாது. அது வரும்வரை தள்ளியே நில்லுங்கள்.

கேள்வி: ரட்டாய் ஊரில் கேப்டன் பெர்னார்டிடம் பயிற்சி எடுத்தால் சண்டை ரொம்பச் சுலபமாகி, விளையாட்டின் ருசியே போய்விடும் என்கிறான் என் தம்பி. உண்மையா?

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். நான் முதல் பாடம் முடிந்ததும் "வந்த வேலை ஆச்சு" என்று கிளம்பிவிட்டேன். பெர்னார்டிடம் திரும்பிப் போய் மேற்கொண்டு கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டால்தான் மாஸ்டர் ஸ்ட்ரைக் கிடைக்கும் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரியாமல் போன அந்த நாட்களில் நான் செத்த கணக்கைக் கேட்காதீர்கள்.

எதிரி வீசும் கணத்தில் சரியாகத் தடுத்தால், தடுப்பே வெட்டாக மாறி அவன் மேல் விழும். அதுதான் மாஸ்டர் ஸ்ட்ரைக். அவன் அதைத் திருப்பித் தடுக்க முடியாது. தம்பி சொல்கிற ருசிக் குறைவு இங்கேதான்: இது வந்த பிறகு ஒற்றைச் சண்டை எல்லாம் காத்திருந்து தட்டுகிற விளையாட்டாகிவிடும். ஆனால் தேர்ந்த எதிரிகளுக்கும் இது தெரியும். ஆகவே முந்திக்கொண்டு வீசுகிறவன் அடி வாங்குவான். தலைப்பில் நான் எழுதியதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று: பெர்னார்டோடு மரவாளில் மோதுவதற்குக் கணக்கு வழக்கில்லை. உயிர் போகாது, வாள் திறமையும் தற்காப்பும் ஏறிக்கொண்டே போகும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே கிடந்தேன். மறுநாள் அதே ஹென்றி, வேறு ஆள்.

கேள்வி: தலை முதல் கால் வரை இரும்பு போர்த்தியவனை வாளால் என்ன செய்வது?

பதில்: வாளை உறையில் போடுவது. இரும்புத் தகட்டின் மேல் வெட்டுவது அம்மியை வெட்டுவதற்குச் சமம். மேஸ் என்கிற கனத்த தலை வைத்த தண்டாயுதத்தை எடுங்கள், தகட்டை அது வெட்டாது, ஆனால் அதிர்ச்சி உள்ளே போகும். வாள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வெட்டை விட்டுவிட்டுக் குத்தை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: கதை நடப்பது 1403-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில். அந்தக் காலத்து ஆட்கள் நிஜமாகவே இப்படித்தான் காத்திருந்து சண்டை போட்டார்களா? அவ்வளவு கனமான வாளைத் தூக்கிக்கொண்டு எப்படி?

பதில்: கனத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இரு கைகளால் பிடிக்கும் நீள வாளின் எடை பொதுவாக ஒன்றரை கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே. பத்துக் கிலோ வாள் என்பது கட்டுக்கதை.

காத்திருப்பதுதான் சுவாரசியமான விஷயம். 14-ம் நூற்றாண்டில் ஜெர்மன் வாள் வித்தைக்கு ஆசானாகக் கொண்டாடப்பட்டவர் ஜொஹானஸ் லீக்டெனாவர். வித்தையை வெளியாள் புரிந்துகொள்ளாதபடி பூடகமான பாட்டாகச் சொல்லிவைத்தார். பின்னால் வந்தவர்கள் அதற்கு உரை எழுதினார்கள். மூலமும் உரையும், நமக்குப் பழகிய ஏற்பாடுதான். அந்த மரபில் மூன்று சொற்கள் முக்கியம்: 'வோர்' என்றால் முன், 'நாக்' என்றால் பின், 'இண்டெஸ்' என்றால் அந்தக் கணத்திலேயே. அவர்கள் பாடம் நம் விளையாட்டுக்கு நேர் எதிர்: முன்னை நீ பிடி, எதிரியைத் தடுப்பதிலேயே அலையவிடு. அவன் முந்திக்கொண்டால்தான் 'இண்டெஸ்' வேலைக்கு வரும்: அவன் வாளைத் தடுக்கும் அதே அசைவில் அவனைத் தாக்குவது. மாஸ்டர் ஸ்ட்ரைக் கிட்டத்தட்ட அதுதான். அந்த மரபின் ஐந்து சிறப்பு வெட்டுகளுக்குப் பிற்காலத்தில் 'மாஸ்டர் வெட்டு' என்றே பெயர் வந்தது.

விளையாட்டு இந்த 'இண்டெஸ்' பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முந்துகிறவனைத் தண்டிக்கிறது. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் முந்துகிறவன் ஜெயிக்கிற மாதிரி வைத்திருந்தால், என் விரல்களுக்கு இந்த கேமில் இடமே இருந்திருக்காது.

கேள்வி: தோற்கும்போதெல்லாம் ஒரு மணி நேர ஆட்டம் வீணாகிறது. சேவ் செய்ய ஒரு பட்டன் வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

பதில்: சேவியர் ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் குடித்தால் சேவ் ஆகும். கடையில் காசு கொடுத்து வாங்குவதைவிட நீங்களே காய்ச்சலாம்: ஒயினில் நெட்டில் என்கிற சுணைச்செடியின் இலையும் பெல்லடோனா என்கிற விஷச்செடியும். நெட்டில் ஊர் ஓரமெல்லாம் முளைத்துக் கிடக்கும். சொந்தப் படுக்கையில் தூங்கினாலும் சேவ் ஆகும். சண்டைக்கு முன் ஒன்று குடிக்கலாம். மூன்று குடித்தால் ஹென்றி தள்ளாடுவான், அதையும் நான் செய்து பார்த்தாயிற்று.

கேள்வி: இரண்டாம் பாகத்திலும் இதே வித்தை செல்லுமா?

பதில்: 2025 பிப்ரவரியில் வந்த அதில் திசைகள் நான்காகக் குறைந்துவிட்டன. மாஸ்டர் ஸ்ட்ரைக் வாளுக்கு மட்டும்தான். வெறும் தட்டு போதாது, எதிரி வீசும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக வீச வேண்டும். பாதி ராத்திரியில் எனக்கு எது இடது எது வலது என்றே குழம்பிப்போகிறது. முதல் வாரம் முழுக்கத் தோல்வி.